நல்ல எஞ்சின்தானுங்க

பயப்படாதீங்க. மடியில இருக்கறது வெடிகுண்டு இல்லைங்க, கார்ப்பரேட்டர். கோயமுத்தூர்ல குடுத்துக் கழுவி வாங்கிட்டுப் போறேன், அதான் பெட்ரோல் வாசம். ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து வச்சுக்கங்க, பொள்ளாச்சி தாண்டிட்டா காத்து நல்லா வரும்.

பைக்குக்கா? இல்லைங்க. காருக்கும் இல்லை. பிளேனுக்கு. சிரிக்கறீங்க பாருங்க. ஆகாயத்துல பறக்கற பிளேன்தான். எங்க மாப்பிள்ளை சொந்தமாச் செஞ்சது. உடுமலைப்பேட்டையில எறங்கி பல் டாக்டர் திருமூர்த்தி வீடு எங்கேன்னு கேட்டுப் பாருங்க, 'கோழிப்பண்ணையில பிளேன் கட்டினாரே அவருங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் வழி சொல்லுவாங்க. என் தங்கச்சி கோகிலாவோட வீட்டுக்காரருங்க.

எனக்குப் பேரு குழந்தைவேல். கோயமுத்தூர் உக்கடத்துல பழைய வண்டி வாங்கி விக்கற புரோக்கர். புரோக்கர்னதும் பையை எடுத்து அந்தப் பக்கம் வச்சுட்டீங்களே. பரவாயில்லைங்க, எல்லாரும் அப்படித்தான் வைக்கறாங்க. ஆனா ஒண்ணு சொல்லிக்கறேன். நான் பொய் சொல்லறதில்லைங்க. கேக்காததைச் சொல்லறதில்லை, அவ்வளவுதான். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதுங்களே. அது புரியாமத்தான் எங்க சொந்தத்துல எனக்குக் கெட்ட பேரு. என்ன நடந்துச்சுன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க மாப்பிள்ளைக்குச் சின்ன வயசுல இருந்தே பறக்கோணும்னு ஆசையாம். எனக்கும்தான் சின்ன வயசுல என்னென்னமோ ஆசை இருந்துச்சு, நான் போயி வீட்டுல யானை கட்டினனா? இவரு கட்டினாருங்க. கோழித் தீவனம் விலை ஏறிப் பண்ணையை மூடிட்டாங்க, நீளமான ஷெட்டு சும்மாக் கெடந்துச்சு. அதுக்குள்ள அலுமினியக் குழாயும் துணியும் வச்சு, வெளிநாட்டுல இருந்து வந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி ஒரு பிளேன். காலையில பல்லைப் புடுங்கறது, சாயங்காலம் ரிவெட் அடிக்கறது. லீவு விட்டா எங்கியோ கிளப்புக்குப் போயி ஓட்டறதுக்குப் படிக்கறது. அனுமதி, லைசென்சு எல்லாம் அவரே அலைஞ்சு வாங்கிட்டாரு. அதுல எனக்கு வேலை இல்லைங்க. எனக்கு வேலை வந்தது எஞ்சின்ல.

பிளேனெல்லாம் முடிஞ்சு போச்சு, எஞ்சின் மட்டும் இல்லை. புதுசு வாங்கோணும்னா ஆஸ்பத்திரியையும், பல்லுக் கட்டற நாற்காலியையும், முடிஞ்சா அதுல உக்காந்திருக்கற ஆளையும் சேர்த்து வித்தாத்தான் கட்டுபடியாகும். பழசுதான் பார்க்கோணும். பழசுன்னா யாரைக் கேப்பாங்க? என் தங்கச்சி சொன்னாளாம், எங்க அண்ணன் இருக்கறப்ப நீங்க எதுக்குக் கம்ப்யூட்டர்ல தேடறீங்கன்னு.

மொதல்ல ஒரு வேன் எஞ்சின் பார்த்தேன். அருமையான எஞ்சின். குட்டியானை லோடு வண்டியில ஏத்திக் கோழிப்பண்ணைக்கே கொண்டு போயிட்டேன். மாப்பிள்ளை அதைத் தராசுல வச்சுப் பார்த்துட்டு, மச்சான், இதை மாட்டினா பிளேன் மூக்கைத் தரையில ஊனி வாலைத் தூக்கிக்கும்னாரு. சரின்னு, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் எஞ்சின் ஒண்ணு. எத்தனை முகூர்த்தம் பார்த்த எஞ்சின் தெரியுங்களா, ஒரு தாலி கட்டுக்குக் கூட நின்னதில்லை. அதுவும் வேண்டாம்னுட்டாரு, இன்னும் கனமாம். அடுத்து மோட்டார் சைக்கிள் எஞ்சின். அது ஆட்டற ஆட்டத்துல பிளேன்ல போட்ட ரிவெட்டெல்லாம் ஒவ்வொண்ணாக் கழண்டு விழுமாம். ரோட்டு வண்டி எஞ்சின் ஏறறதும் எறங்கறதுமா ஓடறது, பிளேன் எஞ்சின் ஏறினதுல இருந்து முக்காவாசி பலத்துலயே ஓடோணும், அதுக்குன்னு செஞ்சதாப் பாருங்கன்னாரு.

பார்க்கறப்ப என்ன கேக்கோணும்னு எனக்குப் பாடம் வேற எடுத்தாருங்க. எத்தனை மணி நேரம் ஓடியிருக்குங்கறதை விட எத்தனை வருஷம் ஓடாமக் கெடந்துச்சுன்னு கேளுங்க. உள்ள துரு புடிச்சிருக்கும். முந்தி வச்சிருந்தவன் எதுக்காக நிறுத்தினான்னு கேளுங்க. எல்லாத்துக்கும் மேல, முன்னால சுத்தற காத்தாடி எப்பவாவது தரையில அடிச்சுதான்னு கேளுங்க. சுத்திக்கிட்டு இருக்கறப்ப அடிச்சா அந்த அடி நேரா உள்ள இருக்கற கிராங்குக்குப் போகும். கிராங்குங்கறது எஞ்சினுக்கு முதுகெலும்பு மாதிரிங்க. அது கோணிப் போனா வெளியே தெரியாது, ஓடும், நல்லாவே ஓடும், ஒரு நாளைக்கு ஒடையும். பல்லு வெள்ளையா இருக்கறதைப் பார்க்காதீங்க மச்சான், வேரைப் பாருங்கன்னாரு. எல்லாத்தையும் பல்லுலயே கொண்டு போயி முடிப்பாருங்க அவரு.

அப்பத்தான் ராமநாதபுரம் பக்கத்துல இருந்து தகவல் வந்துச்சு. கடற்கரையில ஒரு சொகுசு விடுதி, வர்றவங்களைச் சின்னப் பிளேன்ல உக்கார வச்சு சுத்திக் காட்டிட்டு இருந்தாங்களாம். அது நின்னு போச்சு. எஞ்சின் தார்ப்பாய் மூடி ஷெட்டுல கெடக்குதுன்னாங்க. போயிப் பார்த்தேன். பிளேனுக்குன்னே செஞ்ச எஞ்சின், கைக்கு அடக்கமா ரெண்டு சிலிண்டர். உப்புக் காத்துல கொஞ்சம் வெளுத்திருந்துச்சு. அது என்னங்க, மனுசனே கடல் பக்கம் இருந்தா நெறம் மாறிடறான். மண்ணெண்ணெயில கழுவி, சூடு தாங்கற கறுப்புப் பெயிண்டு அடிச்சேன். மாப்பிள்ளை கண்ணைப் பறிச்சிருச்சு.

நிறுத்தினது ஏன்னு கேட்டாரு. ஆளுக வரத்து கொறைஞ்சு போச்சுன்னேன். அதுவும் உண்மைதானுங்க. காத்தாடி தரையில அடிச்சுதா மச்சான்னு கேட்டாரு. இல்லைன்னேன். அங்கத்த வாச்மேன் என்ன சொன்னான்னா, பிளேன் எறங்கறப்ப மூக்கை மணல்ல குத்திருச்சுன்னான். மணல்ல. மாப்பிள்ளை கேட்டது தரையில. மணலைப் போயி யாராவது தரைன்னு சொல்லுவாங்களா, நீங்களே சொல்லுங்க.

அதை மாட்டினாங்க. ஓட்டிப் பார்த்தாங்க. ஒரே இழுப்புல புடிச்சுக்கிச்சு. கொஞ்சம் அதிர்வு இருக்குதேன்னாரு மாப்பிள்ளை. புது எடத்துக்கு வந்தா எல்லாத்துக்கும் அப்படித்தான், ரப்பர் புஷ்சு உக்கார வேண்டாமான்னேன். அவரும் சரின்னுட்டாரு. எஞ்சினைப் பிரிச்சே பார்த்திருப்பாரு. தரையில அடிக்கலைன்னு நான் சொன்னதால பிரிக்கலை. வருஷக்கணக்காக் காத்துக்கிட்டு இருந்த மனுசன், சாரல் மழை தொடங்கறதுக்குள்ள பறந்துரோணும்னு அவசரம்.

ஒரு தரம், அவரு இல்லாதப்ப, தீக்குச்சியைக் கிராங்கு ஷாப்ட்டு முனைக்குப் பக்கத்துல புடிச்சுக்கிட்டுக் கையால சுத்திப் பார்த்தேன். ஒரு சுத்துக்கு ஒரு தரம் லேசா உரசுச்சு. தீக்குச்சி எல்லாமே நேரா இருக்குதுங்களா? நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

மொதல்ல அவரு மட்டும் தனியா ஏறிப் பார்க்கறதா ஏற்பாடு. பண்ணைக்குப் பின்னால காலி நிலம், கல்லெல்லாம் பொறுக்கி மட்டம் பண்ணியாச்சு. அந்தக் கடைசியில தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டி மேலே போயிரோணும். எனக்கு ஒண்ணும் தோணலைங்க. அவரு படிச்சவரு, பார்த்துக்குவாரு.

அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். கோகிலா எனக்கு ரசம் ஊத்திக்கிட்டே சொல்றா, பக்கத்து சீட்டு எதுக்குக் காலியாப் போகோணும், நானும் வர்றேன்னு. மாப்பிள்ளை ஒத்துக்கலை. மொதல் தடவை ரெண்டு பேரு ஏறக் கூடாது, அதுதான் முறைன்னாரு. அவ விடலை. கல்யாணம் ஆனதுல இருந்து இந்தப் பிளேனுக்கு நானும்தான் துணி தைச்சிருக்கேன், நீங்க மேலே போயிட்டு வந்து கதை சொல்லறதை நான் கீழே நின்னு கேக்கோணுமான்னா. அப்புறம் என்னைப் பார்த்தா.

"எங்க அண்ணன் பார்த்துக் குடுத்த எஞ்சின். எனக்கு என்ன பயம்?"

சரி, வர்ற ஞாயித்துக்கிழமை சேர்ந்தே போகலாம்னுட்டாரு மாப்பிள்ளை. பொண்டாட்டிகிட்டச் சரின்னு சொல்லிப் பழகின மனுசன்.

எனக்கு ரசம் எறங்கலைங்க. மிளகு சாஸ்தியாப் போட்டிருந்தா.

மறுநாள் திங்கக்கிழமை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில, கோகிலா ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தா. நான் உக்கடத்துல இருந்து குட்டியானையையும் ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கிட்டுப் பட்டப்பகல்ல வந்து, எஞ்சினைக் கழட்டி ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். ஏன்னு கேக்காதீங்க. நல்ல எஞ்சின்தானுங்க. ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா மனசுக்கு ஒப்பலை. பொம்பளை ஏறறதுன்னா ஆயிரம் பார்க்கோணுமில்ல.

சாயங்காலம் போன் பண்ணினேன். வேற பார்ட்டி கூட விலை குடுத்தான் மாப்ள, வித்துட்டேன், உங்க பணம் திரும்பி வந்திரும்னேன். வேற என்ன சொல்லறது? எஞ்சின் சரியில்லைன்னா சொல்ல முடியும்? அது நல்ல எஞ்சினாச்சே.

அவரு வாயில இருந்து இதுவரைக்கும் வராத வார்த்தையெல்லாம் வந்துச்சுங்க. பல் டாக்டருக்கு வாய் எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கோகிலா போனை வாங்கினா. அவ திட்டலை. திட்டியிருக்கலாம்.

"உனக்கு நாங்களும் ஒரு பார்ட்டிதானாண்ணா?" அப்படின்னு கேட்டுட்டு வச்சுட்டா.

பொங்கலுக்குக் கூப்பிடலைங்க. அவ மகளுக்குச் சடங்கு சுத்தினப்ப, தாய்மாமன் நானு, பத்திரிக்கையைத் தபால்ல அனுப்பினாங்க. தபால்லங்க. போயிச் சீர் வச்சேன். வாங்கன்னா, சாப்பிடுங்கன்னா. அதுக்கு மேல ஒரு பேச்சு இல்லை. அண்ணான்னு கூப்பிடவே இல்லை. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல, இப்படித்தான் ஜன்னலோரத்துல, பொள்ளாச்சி வந்தது தெரியாம கோயமுத்தூர் வரைக்கும் வந்துட்டேன். எனக்குக் கோயமுத்தூர்தான் போகோணும், அது வேற விஷயம்.

சரி, ஒரு எஞ்சின்தானே, இன்னொண்ணு புடிச்சுக் குடுத்துரலாம்னு எறங்கினேன். தொழில்ல இத்தனை வருஷம் இருந்துட்டு ஒரு எஞ்சின் தேடறதுக்கு நான் இந்தப் பாடு பட்டதில்லைங்க. பார்க்கற எஞ்சினெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. கையை வைக்கப் போனா மாப்பிள்ளை எடுத்த பாடம் காதுல கேக்குது. எவ்வளவு நாள் ஓடாமக் கெடந்துச்சு, எதுக்கு நிறுத்தினே, எங்கியாவது அடிச்சுதா, மணல்லயாவது அடிச்சுதான்னு கேக்கறேன். விக்கறவன் முழிக்கறான். ஏன் புரோக்கரே, ஒடம்பு சரியில்லையான்னு ஒருத்தன் கேட்டான்.

கடைசியா கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு அம்மா. செலின் மேடம்னு பேரு, பிளேன் ஓட்டக் கத்துக் குடுத்தவங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும். கண்ணு மங்கிருச்சு, இனி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்களாம், அதனால அவங்க சின்னப் பிளேனோட எஞ்சினைக் குடுக்கறாங்க. அதே ஜாதி எஞ்சின். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போயிட்டு வந்து ஒவ்வொரு வாரமும் தரையிலயே எஞ்சினை மட்டும் ஓட்டி வச்சிருக்காங்க.

நாற்காலி போட்டு உக்கார வச்சு, நான் வாயைத் தொறக்கறதுக்கு முந்தி, குத்தத்தை எல்லாம் அவங்களே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு கார்ப்பரேட்டர் அப்பப்பப் பெட்ரோல் வழியும். ஸ்டார்ட்டர் சுமார்தான். கேஸ்கட்ல லேசாக் கசிவு. இன்னும் கொஞ்ச காலம் ஓடினா முழுசாப் பிரிச்சுச் செய்யோணும், அந்தச் செலவு உங்க தலையில. எனக்குக் கை காலு ஓடலைங்க. விக்கறவங்களே குத்தம் சொன்னா வாங்கறவன் என்ன பேசறது? வெலையைக் கொறைக்கறதுக்கு நான் யோசிச்சு வச்சிருந்ததை எல்லாம் அவங்களே சொல்லிட்டாங்க.

காத்தாடி அடிச்சிருக்குதான்னு கேட்டேன். ஒரு தரம் அடிச்சுதுன்னாங்க. உடனே பிரிச்சுக் கிராங்கை மாத்திட்டாங்களாம். பழைய கிராங்கு அந்தா இருக்குதுன்னு காட்டினாங்க. சமையக்கட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்துக் கெடக்குது. எடுத்துப் பார்த்தேன். பளபளன்னு இருக்குது, ஒரு கீறல் இல்லை. நல்லாத்தானேங்க இருக்குதுன்னேன். அந்தம்மா அதை ரெண்டு தாங்கலுக்கு மேல வச்சுக் கையால சுத்தினாங்க. முனை லேசா ஆடுது. ஒரு சுத்துக்கு ஒரு தரம்.

"இது நின்னுக்கிட்டு இருக்கறப்ப ஒடையாது தம்பி," அப்படின்னாங்க. "முழு பலமும் குடுத்து மேலே ஏறறப்பத்தான் ஒடையும். அப்பத்தான் முன்னாலே மரம் இருக்கும்."

அங்கே மின்விசிறி ஓடலைங்க. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. தண்ணி குடுத்தாங்க. யாரு ஓட்டறதுக்குன்னு கேட்டாங்க. என் தங்கச்சி உக்காரப் போறான்னேன். அவங்க என்னை ரொம்ப நேரம் பார்த்தாங்க. கண்ணு மங்கினவங்க பார்க்கற மாதிரி இல்லைங்க அது.

நானே வாங்கிக் கொண்டு போனா மாப்பிள்ளை வாசல்ல விடமாட்டாரு. அதனால என் பேரைச் சொல்லாதீங்க, நீங்களே அவருகிட்டப் பேசி விக்கற மாதிரி வித்துருங்கன்னு அந்தம்மாவைக் கேட்டுக்கிட்டேன். டாக்டர் நம்பரைக் குடுத்தேன். கமிஷன்? அந்தப் பேச்சையே எடுக்காதீங்க, வயித்தெரிச்சல்.

மாப்பிள்ளை போயி வாங்கிட்டு வந்தாரு. இந்தத் தடவை யாரு பேச்சையும் நம்பாம முழுசாப் பிரிச்சு அளந்து பார்த்தாராம். அந்தம்மா சொன்னது சொன்னபடி இருந்துச்சாம். அதுல இருந்து சொந்தக்காரங்க யாரைப் பார்த்தாலும் அவருக்கு இதே பேச்சு. ஒலகத்துல நேர்மைன்னு ஒண்ணு இருக்குது, அது கிருஷ்ணகிரியில இருக்குது, எங்க சொந்தத்துல சில பேரு அங்க போயி ட்யூஷன் படிக்கோணும்னு. ஒரு எழவு வீட்டுல என்னை வச்சுக்கிட்டே சொன்னாருங்க. நான் காப்பியை ஆத்திக் குடிச்சேன்.

அடுத்த வருஷச் சாரல் முடிஞ்சு வானம் வெளுத்ததுக்கப்புறம் பறந்தாரு. மொதல்ல தனியாத்தான், பல தடவை. கோகிலா ஏறற நாளு எப்போன்னு எங்க சித்தப்பா மகன் சொல்லித்தான் தெரிஞ்சுது. என்னைக் கூப்பிடலை. கூப்பிடாத எடத்துக்கு நான் போகலைங்க. பக்கத்துத் தென்னந்தோப்பு வேற ஆளோடது, அங்கே போயி நின்னேன். தேங்கா விலை விசாரிக்க.

வந்துச்சுங்க. அந்தக் கடைசியில இருந்து சத்தம் போட்டுக்கிட்டு, நேரா என்னைப் பார்த்து. நான் மூடின கண்ணைத் தொறக்கலை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு நின்னேன். எத்தனை ஆயிரம் எஞ்சின் சத்தம் கேட்ட காது. ஒரு பிசிறு இல்லை. தலைக்கு மேல ஓலையெல்லாம் சலசலன்னு அடிச்சுக்கிச்சு. கண்ணைத் தொறந்தப்ப தோப்பைத் தாண்டிப் போயிருச்சு. அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். தேங்கா பறிக்கறவன் ஓடி வந்து, என்னங்க, காயி எதாச்சும் தலையில விழுந்துருச்சான்னு கேட்டான்.

எறங்கினதும் அவ நேரா வேலிக்கு வந்துட்டா. மேலே இருந்து பார்த்தாளாம், வெள்ளைச் சட்டை தெரிஞ்சுதாம். தலையில மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் கழட்டக் கூட இல்லை. மூஞ்சியெல்லாம் சிரிப்பு, கண்ணுல தண்ணி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு என்னையே பார்த்தா.

"அண்ணா, அந்த எஞ்சினை யாருக்கு வித்தே?"

அண்ணான்னு கூப்பிட்டா பாருங்க. கேரளாக்காரன் ஒருத்தன், நல்ல விலைன்னேன். நல்ல விலையான்னு கேட்டா. ரொம்ப நல்ல விலைன்னேன். வா, வந்து டிபன் சாப்பிடுன்னு கம்பியைத் தூக்கிப் புடிச்சா. குனிஞ்சு உள்ள போனேன். அன்னியில இருந்து போக்குவரத்து இருக்குது. மாப்பிள்ளை மட்டும் இன்னும் நாலு பேரு முன்னால என்னைக் காட்டி, இவரு தங்கச்சி பிளேன்ல இருந்தே எஞ்சினைக் கழட்டி வித்த ஆளுன்னு சொல்லிச் சிரிப்பாரு. சொல்லிட்டுப் போகட்டும்.

வித்தேனான்னா கேக்கறீங்க? கிட்ட வாங்க, கண்டக்டர் நமக்குத் தெரிஞ்ச பையன்.

விக்கலைங்க. வாங்க ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் படகுக்குக் கேட்டான், ஒருத்தன் இன்னொரு பிளேன்காரன், கையில பணத்தோட வந்தான். நான் கிருஷ்ணகிரியில இருந்து வந்த அன்னிக்கே அந்த எஞ்சினைப் பிரிச்சு, கட்டர் மிஷினை எடுத்து அதோட கிராங்கை ரெண்டா அறுத்து, மிச்சத்தையும் சம்மட்டியால அடிச்சு, எடைக்குப் போட்டுட்டேன். இரும்பு விலைக்கு. நல்ல எஞ்சினுங்க. புத்தம் புதுசா பெயிண்டு அடிச்சது.

யாருகிட்டயும் சொல்லிராதீங்க. தங்கச்சியை ஏமாத்தி வித்தவன்னு பேரு இருந்தா உக்கடத்துல தொழில் பண்ணலாம். விலைக்குப் போற எஞ்சினை அறுத்து எடைக்குப் போட்டான்னு தெரிஞ்சா ஒரு பய மதிக்க மாட்டான்.